அரசு கொடுத்த பழைய லேப்டாப் ஸ்லோவா ஓடுதா, சார்ஜ் நிக்கலையா? தூக்கிப் போடும் முன் இதையெல்லாம் பாருங்க!

தருமபுரி: பிளஸ் 2 படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப். அக்கா அதை வைத்தே காலேஜ் முடித்தாச்சு. இப்போது தம்பி அதில்தான் டிஎன்பிஎஸ்சி வீடியோ பார்க்கிறார், விண்ணப்பம் போடுகிறார். ஆனால் ஆன் ஆவதற்கே பத்து நிமிஷம் ஆகிறது. கரண்ட் போனால் அடுத்த நொடியே லேப்டாப்பும் அணைந்துவிடுகிறது. பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என மாவட்டத்தின் எந்தப் பக்கம் போனாலும் பல வீடுகளில் இதே கதைதான்.

"இனி இது தேறாது, புதுசு வாங்கிடு" என்பதுதான் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை. ஆனால் புது லேப்டாப் என்பது ஒரு விவசாயக் குடும்பத்துக்கோ, தினக்கூலி குடும்பத்துக்கோ பெரிய செலவு. பழைய லேப்டாப்பில் எது பழுது என்று சரியாகக் கண்டுபிடித்தால், பல நேரங்களில் ஒரே ஒரு பாகத்தை மாற்றினாலே இன்னும் சில வருஷம் ஓட்ட முடியும். தவறாகக் கணித்தால், தேவையில்லாத பாகத்துக்குக் காசு போகும். பேட்டரி விஷயத்தில் அலட்சியமாக இருந்தால் தீ விபத்துகூட நடக்கலாம்.

எதை முதலில் பார்ப்பது? எதற்குச் செலவு செய்வது? எப்போது விட்டுவிடுவது? விரிவாகப் பார்ப்போம்.

சுருக்கமாக:

• பேட்டரி உப்பியிருந்தால் மற்ற எதையும் பார்க்காதீர்கள். உடனே ஆஃப் செய்யுங்கள்.
• 'டாஸ்க் மேனேஜர்' பார்க்காமல் ரேமோ, ஹார்ட் டிஸ்கோ வாங்காதீர்கள்.
• ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்பில் அதிகப் பலன் தரும் மாற்றம் எஸ்எஸ்டி.
• பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை விண்டோஸே இலவசமாகச் சொல்லும்.
• மோசமான சார்ஜரும் லேப்டாப்பை ஸ்லோ ஆக்கும்.

இந்த லேப்டாப்களுக்கு இப்போது என்ன வயது?

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இவை வழங்கப்பட்டன. கொள்முதல் பொறுப்பு எல்காட் நிறுவனத்திடம் இருந்தது. 50 லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்கள் கைமாறிய நிலையில், கொரோனா காலத்தோடு விநியோகம் தடைபட்டது. 2025-26 தமிழக பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது.

ஆனால் படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும் பழைய லேப்டாப்தான் கதி. தடைபடுவதற்கு முன் கடைசியாகக் கொடுக்கப்பட்ட லேப்டாப்களுக்கே ஐந்து வயது தாண்டிவிட்டது. முதல் வருஷம் கொடுத்தவை பதினைந்து வயதை நெருங்கியும் தாண்டியும் நிற்கின்றன. வாரன்டி எப்போதோ முடிந்துபோனது. கீழே சொல்லப்படும் வழிகள் அரசு லேப்டாப்புக்கு மட்டுமல்ல, கடையில் வாங்கிய எந்தப் பழைய லேப்டாப்புக்கும் பொருந்தும்.

முதல் வேலை: பேட்டரி உப்பியிருக்கிறதா?

வேகத்தைப் பற்றி யோசிக்கும் முன் இதைப் பாருங்கள். லேப்டாப்பை மூடி, சமமான மேஜைமேல் வையுங்கள். ஒரு மூலை ஆடுகிறதா? டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா, அழுத்தினால் கிளிக் ஆக மறுக்கிறதா? மூடி சரியாக மூடவில்லையா? கீழ்ப்பக்க பிளாஸ்டிக் பிளந்த மாதிரி இருக்கிறதா? இவையெல்லாம் உள்ளே பேட்டரி உப்பியதற்கான அறிகுறிகள்.

லித்தியம் அயன் பேட்டரி வயதாகும்போதும், சூட்டிலும், அதிகமாக சார்ஜ் ஏறும்போதும் உள்ளே வேதிவினை நடந்து வாயு உருவாகும். அந்த வாயுதான் தட்டையான செல்லை உப்ப வைக்கிறது. இந்த நிலையில் அழுத்தினாலோ, குத்தினாலோ, தொடர்ந்து சார்ஜ் போட்டாலோ தீப்பிடிக்கலாம்.

• உடனே சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை ஆஃப் செய்யுங்கள்.
• பெட், சோபா, பாய், பேப்பர் குவியல் பக்கத்தில் வைக்காதீர்கள். சிமென்ட் தரையில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.
• உப்பியதைக் கையால் அமுக்கி உள்ளே தள்ளாதீர்கள். ஊசியால் குத்தி 'காற்றை எடுக்கும்' வேலையே வேண்டாம்.
• பேட்டரியைக் கழற்றுவதை சர்வீஸ் தெரிந்தவரிடம் விடுங்கள்.

பின்பக்கம் கொக்கியை நகர்த்தினால் தனியாகக் கழன்று வரும் பழைய மாடல் பேட்டரிகளுக்குள், டார்ச் லைட் செல் மாதிரி உருளையான செல்கள் இருக்கும். அந்த பேட்டரியை உடைத்து செல்களை எடுத்து டார்ச்சுக்கும் பவர் பேங்குக்கும் போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தேய்ந்துபோன செல்களைப் பாதுகாப்பு சர்க்யூட் இல்லாமல் சார்ஜ் செய்வது ஆபத்து. பிள்ளைகள் கையில் இது கிடைக்கவே கூடாது.

ஸ்லோ என்றால் எது ஸ்லோ? கண்டுபிடிப்பது எப்படி?

டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்க்கிற மாதிரி, லேப்டாப்புக்கு டாஸ்க் மேனேஜர். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்தினால் திறக்கும். 'மோர் டீட்டெயில்ஸ்' என்று காட்டினால் அதை அழுத்துங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று சதவீதங்கள் தெரியும். லேப்டாப்பை ஆன் செய்து பத்து நிமிஷம் கழித்து, எந்த புரோகிராமையும் திறக்காமல் இவற்றைப் பாருங்கள். பிறகு வழக்கமாகச் செய்யும் வேலையைத் திறந்து மறுபடியும் பாருங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா? ஹார்ட் டிஸ்க்தான் இழுத்துப் பிடிக்கிறது. பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டுகிறதா? ரேம் போதவில்லை. பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தாலே சிக்கிக்கொள்ளும்.

சிபியு எப்போதும் உச்சத்தில் இருக்கிறதா? எந்த புரோகிராம் முதலிடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அப்டேட், ஆன்டிவைரஸ் ஸ்கேன் என்றால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். பெயரே தெரியாத புரோகிராம் நாள் முழுக்க ஓடினால் வைரஸ் சந்தேகம்.

மூன்றும் குறைவாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஸ்லோவா? அங்கேயே 'பெர்ஃபாமன்ஸ்' பகுதியில் சிபியுவை அழுத்தி, 'ஸ்பீட்' எவ்வளவு என்று பாருங்கள். வேலை நடக்கும்போது 1.5, 2 கிகாஹெர்ட்ஸ் என்று ஏற வேண்டியது 0.4, 0.8 என்றே ஒட்டிக்கொண்டு நின்றால் பிரச்சினை விண்டோஸில் இல்லை. சூடு, சார்ஜர், பேட்டரி ஆகிய மூன்றில் ஒன்று. இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். ஸ்லோவுக்கென்று ஒரு செலவு, பேட்டரிக்கென்று ஒரு செலவு என இரண்டு செலவு செய்த பிறகுதான், இரண்டுக்கும் காரணம் ஒரே சார்ஜர் என்று தெரியவரும்.

காசே செலவில்லாமல் செய்யக்கூடியவை

ஸ்டார்ட்அப்: டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போங்கள். லேப்டாப் ஆன் ஆகும்போதே தானாக ஓடத் தொடங்கும் புரோகிராம்கள் அங்கே இருக்கும். தேவையில்லாதவற்றை 'டிஸேபிள்' செய்யலாம். இதனால் புரோகிராம் அழியாது, தானாகத் திறக்காது, அவ்வளவுதான். ஆன்டிவைரஸ், டச்பேட், சவுண்ட் தொடர்பானவற்றை மட்டும் தொடாமல் விடுங்கள்.

சி டிரைவ்: குறைந்தது 15 முதல் 20 சதவீதம் காலியாக இருப்பது நல்லது. கல்யாண வீடியோ, டவுன்லோட் செய்த படங்கள் எல்லாம் டெஸ்க்டாப்பிலேயே கிடந்தால், அவை சி டிரைவில்தான் இருக்கின்றன என்று அர்த்தம். டி டிரைவுக்கோ பென்டிரைவுக்கோ மாற்றுங்கள். 'டிஸ்க் கிளீனப்' ஓட்டினால் பழைய அப்டேட் ஃபைல்கள் போகும்.

ஆன்டிவைரஸ்: இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரண்டு மடங்கு பாதுகாப்பு கிடைக்காது, லேப்டாப்தான் மூச்சுத் திணறும். விண்டோஸ் 10-இல் உள்ள டிஃபெண்டரே சாதாரணப் பயன்பாட்டுக்குப் போதும். காசில்லாமல் கிடைத்த கிராக் மென்பொருள்கள் இருந்தால் முதலில் அவற்றை நீக்கி, முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

பிரவுசர்: தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களை நீக்குங்கள். யூடியூப் பாடத்தை 1080-க்குப் பதில் 480-இல் பார்த்தால் பழைய சிபியுவுக்குச் சுமை குறையும், டேட்டாவும் மிச்சம்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர், 'பிசி பூஸ்டர்' என்று விளம்பரம் வரும் மென்பொருள்களை மட்டும் போடாதீர்கள். அவை வேகம் தருவதைவிடத் தொல்லை தருவதே அதிகம்.

ரேம் வாங்குவதா, எஸ்எஸ்டி வாங்குவதா?

டிஸ்க் 100 சதவீதம் காட்டினால் யோசிக்கவே வேண்டாம், எஸ்எஸ்டிதான். காரணம் எளிது. ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே ஒரு தட்டு சுழல்கிறது. லேப்டாப்களில் பொதுவாக நிமிஷத்துக்கு 5,400 சுற்று, அதாவது நொடிக்கு 90 சுற்று. அதன்மேல் ஒரு முள் அங்கும் இங்கும் நகர்ந்து தகவலைத் தேடுகிறது. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்கள் என்றால், நொடிக்கு ஏறக்குறைய நூறு இடங்களைத்தான் அதால் தொட முடியும். விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைப் படிக்கிறது. பத்து நிமிஷம் ஏன் ஆகிறது என்பதற்கு விடை இதுதான். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. நொடிக்குப் பல்லாயிரம் இடங்களைப் படிக்கும்.

பெரும்பாலான பழைய மாடல்களில் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும். வாங்கும் முன் லேப்டாப்பின் அடிப்பக்கம் உள்ள மாடல் எண்ணைக் காட்டிக் கேளுங்கள். படிக்கவும், விண்ணப்பம் போடவும் 240 அல்லது 256 ஜிபி தாராளம். பழைய ஹார்ட் டிஸ்க்கை வீசிவிடாதீர்கள். நல்ல நிலையில் இருந்தால் ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கிப் போட்டு, ஃபைல்களைச் சேமித்து வைக்கப் பயன்படுத்தலாம்.

மெமரி நிரம்பி வழிந்தால் மட்டும் ரேம். இங்கே மூன்று கவனம் தேவை. ஒன்று, டிடிஆர்3, டிடிஆர்3எல், டிடிஆர்4 என்று வகைகள் உண்டு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை நினைத்தபடி போட முடியாது. இரண்டு, சில மாடல்களில் ரேம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும், காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று, 32 பிட் விண்டோஸ் ஓடினால் 4 ஜிபிக்கு மேல் ரேம் போட்டும் பயனில்லை. விண்டோஸ் 7 ஸ்டார்டர் பதிப்பு என்றால் 2 ஜிபிக்கு மேல் தொடவே தொடாது.

ஹார்ட் டிஸ்க்கில் 'டக் டக்' என்று சத்தம் வருகிறதா, ஃபைலைத் திறந்தால் உறைந்து நிற்கிறதா? அது ஸ்லோ பிரச்சினை அல்ல, டிஸ்க் சாகப்போகிறது என்ற எச்சரிக்கை. முதலில் சான்றிதழ் ஸ்கேன்கள், போட்டோக்கள், பிராஜெக்ட் ஃபைல்களை வேறு இடத்துக்கு காப்பி செய்யுங்கள். 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள், டிஸ்க்கின் நிலையை 'குட்', 'காஷன்', 'பேட்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடும்.

சூடும் தூசியும் வேகத்தைக் குறைக்குமா?

கட்டாயம் குறைக்கும். சிபியு ஓர் அளவுக்கு மேல் சூடானால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடி, மதியம் படுத்துவிடுகிறது என்றால் இதுதான் காரணமாக இருக்கும். தகர ஷீட், சிமென்ட் ஷீட் போட்ட வீடுகளில் கோடை மதியத்தில் அறையே அனலாக இருக்கும். அதில் மெத்தைமேல் லேப்டாப்பை வைத்தால், காற்று இழுக்கும் ஓட்டையும் அடைபட்டுவிடும்.

மேஜை, பலகை என்று கடினமான பரப்பில் வையுங்கள். பின்பக்கம் இரண்டு புத்தகம் வைத்துச் சற்று உயர்த்தினாலே வித்தியாசம் தெரியும். ஃபேன் கத்துகிறது, ஆனால் வெளியே காற்றே வரவில்லை என்றால் உள்ளே தூசி மெத்தை மாதிரி படிந்திருக்கும். சர்வீஸில் திறந்து சுத்தம் செய்து, சிபியுமேல் தெர்மல் பேஸ்ட் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பல வருஷம் ஆன பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகியிருக்கும்.

பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது? விண்டோஸே சொல்லும்

ஸ்டார்ட் மெனுவில் 'கமாண்ட் பிராம்ப்ட்' திறங்கள். ஆங்கிலத்தில் 'பவர்' என்ற சொல்லோடு இடைவெளி விடாமல் சி, எஃப், ஜி எழுத்துகளைச் சேர்த்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்ந்த கோடு போட்டு, 'பேட்டரி ரிப்போர்ட்' என்பதை ஒரே சொல்லாக டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஓர் அறிக்கை தயாராகி, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்றும் அங்கேயே காட்டும். அதை பிரவுசரில் திறங்கள்.

பார்க்க வேண்டியவை இரண்டே எண்கள். 'டிசைன் கெப்பாசிட்டி' என்பது புதிதாக இருந்தபோது பேட்டரியின் கொள்ளளவு. 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்பது இன்றைக்கு அது தாங்கும் அளவு. உதாரணமாக, முதல் எண் 40,000, இரண்டாவது 18,000 என்றால், பேட்டரியில் 45 சதவீதம்தான் உயிர் இருக்கிறது. நாலு மணி நேரம் நின்றது இப்போது இரண்டு மணி நேரம்கூட நிற்காது.

• 70 சதவீதத்துக்கு மேல்: பேட்டரி பரவாயில்லை. திரை வெளிச்சத்தைக் குறைத்து, பின்னணியில் ஓடும் புரோகிராம்களை நிறுத்தினால் போதும்.
• 40 முதல் 70 வரை: அவசரமில்லை. அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்றால் மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.
• 40-க்குக் கீழே, அல்லது 30 சதவீதம் காட்டிவிட்டு சட்டென்று அணைந்தால்: மாற்ற வேண்டிய நேரம்.

லேப்டாப் பேட்டரிகள் பொதுவாக 300 முதல் 500 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு தெளிவாகத் தேயத் தொடங்கும். இது ரிப்பேர் செய்து திரும்பப் பெறக்கூடிய தேய்மானம் அல்ல. முழுதாக சார்ஜ் ஏற்றி, முழுதாக இறக்கும் 'கேலிப்ரேஷன்' செய்தால் சதவீதம் சரியாகக் காட்டுமே தவிர, போன கொள்ளளவு திரும்பாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று சுற்றும் வீடியோக்களை நம்ப வேண்டாம்.

சார்ஜ் ஏறவே மாட்டேங்குது, என்ன செய்வது?

பேட்டரியைக் குற்றம் சொல்லும் முன் இந்த வரிசையில் பாருங்கள்.

1. வேறு பிளக் பாயின்டில் போட்டுப் பாருங்கள். சார்ஜர் பின்னை ஆட்டும்போது சார்ஜ் வந்து வந்து போனால், ஒயரோ லேப்டாப்பின் டிசி ஜாக்கோதான் பழுது. பேட்டரியை மாற்றினால் காசு வீண்.

2. சார்ஜரை எடுத்துவிட்டு (பேட்டரி கழற்றக்கூடியது என்றால் அதையும் கழற்றி) பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். மறுபடி மாட்டி ஆன் செய்யுங்கள். உள்ளே சிக்கிய கணக்கு இதில் பல தடவை சரியாகும்.

3. 60 சதவீதத்திலோ 80 சதவீதத்திலோ சரியாக நின்றுவிடுகிறதா? அது பழுதே இல்லாமல் இருக்கலாம். லெனோவோ உள்ளிட்ட பல லேப்டாப்களில் பேட்டரி ஆயுளைக் காக்க, சார்ஜை அந்த அளவோடு நிறுத்தும் வசதி உண்டு. லெனோவோவில் அதன் பெயர் 'கன்சர்வேஷன் மோடு'. அதை ஆஃப் செய்தால் முழுதாக ஏறும்.

4. சார்ஜர் அந்த லேப்டாப்புக்கானதுதானா? சார்ஜர்மேல் எழுதியிருக்கும் வோல்ட் எண், லேப்டாப்பில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் எண் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட். அதற்கு 45 வாட் சார்ஜர் போட்டால் மெதுவாக ஏறும், அல்லது லேப்டாப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில பிராண்டுகளில் சார்ஜரை லேப்டாப் அடையாளம் காணாவிட்டாலும் இதே நிலைதான். சார்ஜரைக் கழற்றியதும் வேகம் கூடுகிறது என்றால் குற்றவாளி சார்ஜர்தான்.

ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறதா, அதனால் வெப்சைட்டுகள் 'பாதுகாப்பில்லை' என்று திறக்க மறுக்கிறதா? அது பெரிய பேட்டரி அல்ல. போர்டில் உள்ள காசு வடிவ சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. கைக்கடக்கமான செலவில் மாற்றிவிடலாம்.

புது பேட்டரி வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

பழைய பேட்டரியைக் கழற்ற முடிந்தால், அதன் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். பார்ட் நம்பரும், 10.8 வோல்ட், 14.4 வோல்ட் போன்ற அளவும் ஒத்துப்போக வேண்டும். வடிவம் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிகளுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். லேபிளில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் அது உண்மையா என்று தெரிந்துவிடும். தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். பேட்டரி பயன்படுத்தாமல் கடையில் கிடந்தாலும் தேயும்.

சேலத்துக்கோ, பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கோ போனால் விலை குறையும் என்று போகிறவர்கள் உண்டு. விலை குறையலாம். ஆனால் மூன்று மாதத்தில் பழுதானால் திரும்பப் போய்வரும் பஸ் செலவையும் ஒரு நாள் கூலியையும் கணக்கில் சேருங்கள். எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் வாரன்டி காலத்தை எழுதி வாங்குங்கள். மாட்டிய அன்றே பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். புது பேட்டரியில் இரண்டு எண்களும் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் உடனே கடைக்காரரிடம் காட்டுங்கள். பில் இருந்தும் மாற்றித் தர மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டதே, இனி என்ன?

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்தன. முடிந்தது என்றால் லேப்டாப் ஓடாது என்று அர்த்தமில்லை. பாதுகாப்பு அப்டேட்கள் வராது. விண்டோஸ் 10-க்கு மட்டும் விருப்பப்படுபவர்கள் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்து 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் பெற மைக்ரோசாஃப்ட் வழி செய்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிபியுவும் வேண்டும். பழைய லேப்டாப்கள் பெரும்பாலும் இதில் தேறாது. குறுக்கு வழியில் போட்டுக் கொடுத்தாலும், அது இன்னும் ஸ்லோவாகத்தான் ஓடும்.

இதற்கு மாற்று லினக்ஸ். அரசு லேப்டாப் வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்த்தே வந்தது. நிறையப் பேர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இன்றைக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, லுபுன்டு போன்றவை பழைய லேப்டாப்பில் இலகுவாக ஓடும். லினக்ஸ் மின்ட்டுக்குக் குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம் போதும், 4 ஜிபி இருந்தால் வசதி. பிரவுசர், யூடியூப், லிப்ரே ஆஃபீஸ், தமிழ்99 டைப்பிங் எல்லாம் இலவசம்.

இன்னொரு வசதி: பென்டிரைவில் போட்டு, லேப்டாப்பில் நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்ட், கீபோர்டு எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம். டாலி, ஃபோட்டோஷாப் போன்ற விண்டோஸ் மென்பொருள்களையே நம்பி வேலை செய்பவர்களுக்கு மட்டும் இது சரிப்பட்டு வராது.

கடைக்குக் கொடுக்கும் முன் ஐந்து விஷயம்

• முக்கிய ஃபைல்களை பென்டிரைவில் காப்பி செய்துகொள்ளுங்கள். 'ஃபார்மட் பண்ணிட்டோம்' என்று சொன்ன பிறகு அழுது பயனில்லை.
• பிரவுசரில் சேமித்த பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை நீக்கி, எல்லாவற்றிலும் லாக்அவுட் செய்யுங்கள்.
• எந்தப் பாகம், எவ்வளவு விலை, எத்தனை மாத வாரன்டி என்று எழுதி வாங்குங்கள்.
• மாற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திரும்பக் கேளுங்கள். அதில் உங்கள் தகவல்கள் இருக்கின்றன.
• கூடுதல் பழுது இருந்தால் போன் செய்து கேட்ட பிறகே செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

எப்போது ரிப்பேர் செய்யாமல் விட்டுவிடலாம்?

எஸ்எஸ்டி, பேட்டரி, ரேம், கீபோர்டு இவற்றில் ஒன்றோ இரண்டோ என்றால் மாற்றலாம். மதர்போர்டு போய்விட்டது, திரை உடைந்தது, கீலும் கழன்றது, பேட்டரியும் இல்லை என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் நிறுத்திக்கொள்வது நல்லது. மொத்த ரிப்பேர் செலவு, நல்ல நிலையில் உள்ள ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் விலையில் பாதியைத் தாண்டினால் அந்தச் செலவு வேண்டாம்.

இன்னொரு நடுவழியும் உண்டு. எஸ்எஸ்டி மாட்டினால் பிறகு வேறு லேப்டாப்புக்கும் அதைக் கழற்றிப் போட்டுக்கொள்ளலாம். பேட்டரி அப்படியல்ல, அந்த மாடலுக்கு மட்டும்தான். கையில் காசு குறைவு, ஒன்றுக்குத்தான் செலவு செய்ய முடியும், வீட்டில் இன்வெர்ட்டரும் இருக்கிறது என்றால், எஸ்எஸ்டிக்கு முதலிடம் கொடுங்கள்.

செத்துப்போன பேட்டரியைக் குப்பையில் போடுவதும், எரிப்பதும் கூடாது. 2022-இல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களுக்கு விதிக்கின்றன. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். கொடுக்கும் வரை அதன் உலோக முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி வையுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எப்போதும் சார்ஜில் போட்டே பயன்படுத்தலாமா?
பயன்படுத்தலாம். ஆனால் 100 சதவீதத்திலேயே, அதுவும் சூட்டில் நிற்பது பேட்டரியைச் சீக்கிரம் தேய்க்கும். 60 அல்லது 80 சதவீத வரம்பு வசதி இருந்தால் ஆன் செய்துவிடுங்கள்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு கரண்டில் மட்டும் ஓட்டலாமா?
கழற்றக்கூடிய மாடல் என்றால் ஓட்டலாம். சில மாடல்களில் பேட்டரி இல்லாவிட்டால் வேகம் குறையும். கரண்ட் போனால் வேலை அழியும், ஹார்ட் டிஸ்க்கும் பாதிக்கும் என்பதால் இன்வெர்ட்டரோ யுபிஎஸ்ஸோ இருக்க வேண்டும்.

இடி மின்னல் நேரத்தில் சார்ஜ் போடலாமா?
வேண்டாம். பிளக்கையே கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

கொஞ்ச நாள் பயன்படுத்தாமல் வைக்கப் போகிறேன், எப்படி வைப்பது?
பாதி அளவு சார்ஜோடு ஆஃப் செய்து, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். முழுதாகத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி மறுபடி எழாமலே போகலாம். வெயிலில் நிற்கும் டூவீலர் டிக்கியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

எஸ்எஸ்டி போட்டால் பேட்டரி கூடுதல் நேரம் நிற்குமா?
சுழலும் தட்டு இல்லாததால் கொஞ்சம் கூடும். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பேட்டரி தேய்ந்திருந்தால் அதை மாற்றுவது மட்டுமே தீர்வு.